மூன்றாம் நம்பர் அழுகை

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த கம்பெனி மேடம் பாதியில் நின்று திரும்பிச் சொன்ன ஒரு வாக்கியத்தோடு மூத்தவளை விட்டுவிட்டு வந்தோம். நமக்கு அதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. அவளுக்கு ஒரே ஓர் இரவுதான் போயிருக்கிறது, அதிலும் கண் மூடவில்லை.

வாக்கியம் இதுதான்: “எல்லாம் சரி. அந்தப் பெரியவர் மட்டும் வேண்டாம்.”

பெரியவர் என்று சொன்னது சித்தப்பாவை.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா ஒரு நாடகக் குழுவை ஆரம்பித்தார். அவர் போன பிறகு பிள்ளைகளுக்கு மிஞ்சியது அந்தக் குழுவும், வாடகைக்கு எடுத்த சின்ன அரங்கமும், அரங்கத்துக்கு மேலே ஒரு வீடும், ஒரு சித்தப்பாவும். நாடகங்களை இளையவன் எழுதி இயக்குகிறான். அவன் எழுதுவதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்று யோசிப்பது மூத்தவளின் பொறுப்பு. குழுவில் அவளுக்குக் ‘கணக்கு’ என்று பெயர். வைத்தவர் சித்தப்பா. கல்யாணம் என்று எதுவும் செய்துகொள்ளாமல் அண்ணன் பிள்ளைகளோடே காலத்தை ஓட்டிவிட்ட மனிதர், இப்படிப் பெயர் வைப்பதற்கெல்லாம் அவருக்கு நேரம் இருந்தது.

டிக்கெட் விற்று நாடகக் குழு நடத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் நாடகக் குழு நடத்தாதவர்கள். அரங்கம் நிறைந்த நாளில்கூட வசூல் வாடகைக்கும் விளக்குக்கும் போய்விடும், நடிகர்கள் கையில் டீக்காசு நிற்கும். நன்கொடை கேட்டுப் படியேறிய இடங்களில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அப்போதுதான் மூத்தவள் மேஜை வேலையைக் கண்டுபிடித்தாள்.

பெரிய கம்பெனிகளில் அதிகாரியாக இருப்பவர்களுக்கு, ஒருவரை எதிரே உட்கார வைத்து ‘உங்களுக்கு இனி வேலை இல்லை’ என்று சொல்ல வராது. மென்று முழுங்குவார்கள், பூசி மெழுகுவார்கள், கடைசியில் சண்டையில் போய் நிற்கும். அவர்கள் இங்கே வந்து பழகிக்கொள்ளலாம். ஒத்திகை அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கிளாஸ் தண்ணீர். குழுவின் நடிகர் ஒருவர் வேலை இழக்கிறவராக உட்கார்ந்திருப்பார். அதிகாரி சொல்லிப் பார்ப்பார். சரியாக வராவிட்டால் மறுபடியும்.

வேலை இழக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம்பர் உண்டு. ஒன்றாம் நம்பர், பேசாமல் இருப்பது. இரண்டாம் நம்பர், சத்தம் போடுவது. மூன்றாம் நம்பர், அழுவது. மூன்றுக்குத்தான் கட்டணம் அதிகம்.

“பேசாம உக்கார்றதுதாம்மா கஷ்டம், அதுக்குப் போய் கம்மியா போட்டிருக்கியே” என்று சித்தப்பா வாதாடிப் பார்த்தார். கணக்கு மசியவில்லை.

சித்தப்பாவுக்கு வசனம் மறக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. ஒரு மாலை மேடை நடுவில் நின்று அடுத்த வரியைத் தேடிக்கொண்டே இருந்தார், வரவில்லை, திரையைப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்கு வேஷம் இல்லை. வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலைதான். ஆனால் மேஜையில் மனப்பாடம் கிடையாது, எதிராளி பேசுவதற்குப் பதில் சொன்னால் போதும். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் மனிதர் மறுபடியும் நடிகரானார். சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான் ஒப்பனை. பட்டன் போட்டவுடன் அவர் முகத்தில் இருபது வருஷ உத்தியோகமும் அதை இழக்கப் போகிற பயமும் வந்து உட்கார்ந்துவிடும்.

அதுதான் வினையாகப் போயிற்று. மேடம் மறைக்காமலே சொன்னார்: “அவர் ரொம்ப நல்லா பண்றார். அவர்கிட்ட பழகிட்டு வந்த எங்க அதிகாரிங்க நாலஞ்சு பேர், திரும்பிப் போய் ‘என் பிரிவுல யாரையும் வேலைய விட்டு எடுக்க மாட்டேன்’னு நிக்கிறாங்க. நாங்க அதுக்கா உங்ககிட்ட அனுப்பறோம்?”

வருஷம் முழுக்க மேஜை வேலை என்று ஒப்பந்தம். கையெழுத்தானால் அரங்கமும் புது நாடகமும் பிழைத்துக்கொள்ளும். ஆகாவிட்டால் அடுத்த மாதம் அரங்கத்தின் சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். மேடம் நாளைக் காலையில் வருகிறார்.

இனி இன்றைய கதை.

*

காலையில் சமையலறையில் அக்காவும் தம்பியும் குரலைத் தணித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். சித்தப்பா பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேஜை வேலை இல்லாத நாளிலும் அவர் சட்டைக்கு இஸ்திரி தவறாது.

“நீ சொல்லுடா. நீதானே டைரக்டர்.”

“நான் ஒரு தடவ சொல்லிட்டேன் அக்கா. மேடைலேருந்து எறக்கினது நான். அந்த வாரம் முழுக்க எனக்கு சோறு எறங்கல. இன்னொரு தடவ அவர் முகத்துல முழிக்க என்னால முடியாது.”

“அவர் இல்லாம மேஜை வேலையே இல்லடா. அவர நம்பித்தான் ஆரம்பிச்சேன்.”

“அப்ப அந்த மேடம்கிட்ட முடியாதுன்னு சொல்லு.”

அவள் பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

“சொல்ல மாட்டே. எனக்கும் சொல்ல மனசு வரல” என்றான் இளையவன். “புது நாடகத்துல பத்து பேர் இருக்காங்க. எல்லாருக்கும் மாசாமாசம் சம்பளம்னு நீதான் வாக்கு குடுத்தே. அதுல ரெண்டு பேர் பாத்துக்கிட்டிருந்த வேலைய விட்டுட்டு வந்துட்டாங்க.”

அதுவும் உண்மைதான். இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் ஒருவர். கணக்கென்று பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுத்துவிடலாம். ஆனால் பள்ளிக்கூட நாளில் இவளைச் சைக்கிளில் வைத்து மிதித்தது அந்த ஒருவர்தான், பத்துப் பேர் இல்லை.

“சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன்” என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். “யாருக்காவது துணி இருந்தா குடுங்க. பெட்டி சூடா இருக்கு.”

இரண்டு பேர் முகத்திலும் ஈ ஆடவில்லை.

*

மத்தியானம் ஒத்திகை அறையில் மூத்தவள் மேஜையைத் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்தது, மறுபடியும் துடைத்தாள். கை பழக்கத்தில் ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தது. தாளிலான கைக்குட்டைப் பெட்டியை வலது ஓரத்தில் வைத்தது. அவள் கவனிக்கவில்லை.

அதிகாரிகளுக்கான விதிகளை எழுதியவள் அவள்தான். முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நலம் விசாரிக்கக் கூடாது. சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எத்தனையோ பேருக்கு அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தானே அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது.

சித்தப்பா உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தார்.

“சாப்பிட்டீங்களா சித்தப்பா?”

“ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே சாப்பிட்டோம்.”

“முட்டி வலி எப்படி இருக்கு?”

“முட்டிய விசாரிக்கவா கூப்பிட்டே?”

அவள் தொண்டையைச் செருமினாள். “உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். எப்படி சொல்றதுன்னு தெரியல.”

சித்தப்பா அவளைப் பார்த்தார். தண்ணீர்க் கிளாஸைப் பார்த்தார். கைக்குட்டைப் பெட்டியையும், முதுகை விறைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகளையும் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“அட, ஒத்திகையா? அந்த வருஷ ஒப்பந்தத்துக்கா? முதல்லயே சொல்லக் கூடாதா, நான் வேற என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். நீதான் அதிகாரியா? சரியான உளறல் அதிகாரி, ரொம்ப நல்லா புடிச்சிருக்கே.” கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். “எந்த நம்பர் வேணும்?”

‘இல்லை சித்தப்பா, இது நிஜம்.’ நாலே வார்த்தை. தொண்டைவரை வந்து நின்றது. அவர் அதற்குள் தோளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, கைகளை மேஜைமேல் வைத்து, தயாராகிவிட்டார். எவ்வளவு நாளாயிற்று அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து.

இந்த இடத்தில் மூத்தவள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. இத்தனை அத்தியாயம் கூடவே வந்தவன் என்பதால் சொல்கிறேன், இதைவிட நல்லவள் என்று நினைத்திருந்தேன்.

“மூணு” என்றாள்.

அவர் தலையசைத்தார்.

“உங்கள இனிமே இந்த வேலையில வெச்சுக்க முடியாது” என்றாள். முதல் வாக்கியத்தில் விஷயம். விதிப்படி சரியாக இருந்தது.

“நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?”

“தப்பு எதுவும் இல்ல. நீங்க ரொம்ப நல்லா பண்றீங்க. அதனாலதான்.”

அவர் புருவம் ஒரு கணம் உயர்ந்தது. நல்ல வரி கிடைத்த நடிகனின் புருவம். உடனே இறங்கிவிட்டது.

“நல்லா பண்றதுக்கு யாராவது வெளிய அனுப்புவாங்களா?”

“அவங்க அப்படித்தான் சொல்றாங்க. நீங்க இருந்தா பத்து பேருக்கு வேலை இல்லாம போயிடும். என்னால வேற எதுவும் பண்ண முடியல.” குரல் உடைந்தது. அவள் நடிகை இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை.

“எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா” என்றார் அவர் மெதுவாக. “பெரிய வேலையெல்லாம் முன்னமே போயிடுச்சு. மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். இதுவும் இல்லன்னா, காலையில எழுந்து எதுக்கு நான் சட்டைக்கு இஸ்திரி போடணும்?”

பிறகு அழுதார். அவருடைய மூன்றாம் நம்பர் தாடையில் ஆரம்பிக்கும். கண்ணுக்கு வருவதற்கு நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் எதிரே இருப்பவருக்கு எழுந்து ஓடிவிடத் தோன்றும். சத்தம் இருக்காது. அழுகிறவர் தன் அழுகைக்காக வெட்கப்பட்டுக் கிளாஸை எடுத்து, குடிக்காமல், திரும்ப வைத்துவிடுவார். நாலைந்து அதிகாரிகள் இதைப் பார்த்துத்தான் கம்பெனியோடு மல்லுக்கு நின்றார்கள்.

மூத்தவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை.

சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டனைக் கழற்றி, தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“எப்படி?”

“நல்லா இருந்தது சித்தப்பா.”

“நீயும் இன்னிக்கு பிரமாதம். குரல் நிஜமாவே நடுங்குச்சு. ‘நல்லா பண்றீங்க, அதனாலதான்’னு சொன்னியே, அத எங்கேருந்து புடிச்சே? அத அப்படியே வெச்சுக்கலாம். கேக்கும்போது எனக்கே அடிவயிறு கலங்கிடுச்சு.”

எழுந்து, போகிற போக்கில் அவள் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனார். படியில் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இறங்குவது கேட்டது.

*

“சொல்லிட்டியா?” என்று கேட்டான் இளையவன். சாயங்கால நாடகத்துக்கு மேடையில் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தான்.

“சொல்லிட்டேன்.”

பொய் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் சொல்லியிருந்தாள். அதனாலேயே இது பொய்யைவிட மட்டமாக இருந்தது.

“என்ன சொன்னார்?”

“அழுதார்.”

அவன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். “அழுதாரா? நான் சொன்னப்பகூட அவர் அழலையே.”

“போய் உன் வேலைய பாருடா” என்று சொல்லிவிட்டு அவள் டிக்கெட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாளைக் காலைக்குள் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாடகம் முடிந்ததும், சாப்பிட்ட பிறகு, வேண்டுமானால் விடிந்ததும். தள்ளிப்போடுகிறவர்களுக்கு நேரத்துக்குப் பஞ்சமே இல்லை.

டிக்கெட் அறையின் சின்ன ஜன்னல் வழியாக அரங்க வாசல் தெரியும். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். சித்தப்பா வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழித்து, பாதியைக் கையில் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சிரிக்க வைத்தார்.

அப்போது இளையவன் உள்ளேயிருந்து வெளியே வந்தான்.

மூத்தவள் எழுந்துவிட்டாள். எழுந்து என்ன செய்வது, எதிரே டிக்கெட்டுக்காக ஒரு குடும்பமே நிற்கிறது. இளையவன் சித்தப்பா தோளில் கை வைத்தான். குனிந்து காதோரம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நல்ல பிள்ளை, ஆறுதல் சொல்கிறான்.

சித்தப்பா கையில் ஒரு டிக்கெட் பாதி கிழிந்தபடி நின்றது.

டிக்கெட் கொடுத்த பெண் காத்திருந்தாள். அவர் மீதியைக் கிழிக்கவில்லை. இளையவன் அவர் முகத்தைப் பார்த்துக் குழம்பி, டிக்கெட் அறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். சித்தப்பா திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டிக்கெட்டை ஒழுங்காகக் கிழித்து, பாதியை அந்தப் பெண் கையில் கொடுத்து, வழிவிட்டார். அடுத்தவரையும் அனுப்பினார். கடைசி ஆள்வரைக்கும் அனுப்பினார். யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

*

நாடகம் ஆரம்பித்து, அரங்கத்தில் விளக்கணைந்த பிறகு, டிக்கெட் அறைக் கதவு தட்டப்பட்டது.

“மேல வா” என்றார் சித்தப்பா.

ஒத்திகை அறை மேஜையில் காலிக் கிளாஸ் அங்கேயேதான் இருந்தது. இரண்டு பேரும் மத்தியானம் உட்கார்ந்த நாற்காலிகளிலேயே உட்கார்ந்தார்கள். அவர் கழுத்துப் பட்டன் திறந்திருந்தது.

“இப்ப சொல்லு.”

“தம்பிதான் சொல்லிட்டானே.”

“அவன் ஆறுதல் சொன்னான். விஷயத்த நீ சொல்லணும்.”

சொன்னாள். முதல் வாக்கியத்திலேயே சொன்னாள். மேடம் வேண்டாமென்றதை, காரணத்தை, தான் சரியென்று தலையாட்டியதை. பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

கீழே மேடையில் யாரோ வசனம் பேசுவதும், அரங்கம் சிரிப்பதும் தரை வழியாகக் கேட்டது. மறுபடி ஒரு சிரிப்பு. அவர் அதைக் கேட்டுக்கொண்டு மேஜையைப் பார்த்தபடி இருந்தார். பேசாமல் உட்காருவதற்குக் குறைந்த கட்டணம் போட்டவள் அதற்கு எதிரே உட்கார முடியாமல் தவித்தாள்.

“ஏதாவது சொல்லுங்க சித்தப்பா. திட்டவாவது செய்யுங்க.”

“திட்டுறது ரெண்டாம் நம்பர்.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“வேலை போறது எனக்குப் புதுசு இல்ல” என்றார் அவர். “மேடைலேருந்து எறக்கினப்ப உன் தம்பி என் கண்ணப் பாத்துச் சொன்னான். மூக்க சிந்திக்கிட்டே சொன்னான், ஆனா சொன்னான். பத்து பேர் சம்பளம்னா நானே ஒதுங்கியிருப்பேன், நீ கேட்டிருந்தா. நீ என்ன பண்ணினே? என்னை அழ வெச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே. எப்படின்னு வேற நான் உன்ன கேட்டேன். நல்லா இருந்ததுன்னு சொன்னே.”

“மன்னிச்சிடுங்க சித்தப்பா.”

“அப்புறம் பாக்கலாம். முதல்ல கூலிய குடு.”

“என்ன?”

“மூணாம் நம்பர் பண்ணியிருக்கேன். என்ன ரேட்டோ அத குடு.”

அவர் சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள். சிரிக்கவில்லை. டிக்கெட் பெட்டியிலிருந்து கொண்டுவந்த இன்றைய வசூல் அவள் மடியிலேயே இருந்தது. அதிலிருந்து மூன்றாம் நம்பருக்கான தொகையை எண்ணி மேஜைமேல் வைத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கை நீட்டிக் காசு வாங்கியது இதுதான் முதல் தடவை. திட்டியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

“நாளைக்கு அந்த அம்மா எத்தனை மணிக்கு வராங்க?”

“காலைல பத்து மணிக்கு. எதுக்கு?”

அவர் எழுந்து, மூத்தவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் கை வைத்தார். “இதுல அவங்கள உக்கார வை. நான் எதிர்ல உக்காந்திருப்பேன். நான் வேண்டாம்னு சொன்னது அவங்கதானே, அவங்களே என்கிட்ட சொல்லட்டும். ஊர்ல இருக்கற அதிகாரிங்களையெல்லாம் பழகிட்டு வரச் சொல்றவங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா?”

“ஒப்பந்தம் போயிடும் சித்தப்பா.”

“போனாலும் போகும்.”

“அரங்கமும் போயிடும்.”

“தெரியும். உங்கப்பன்கூட இந்த எடத்துக்கு சாவி வாங்கப் போனவன் நான்.”

கிளாஸை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயில் கழுவி, தண்ணீர் நிரப்பி, கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, அதை அந்த நாற்காலிப் பக்கமாக நகர்த்தினார். அதிகாரியின் பக்கமாக.

மூத்தவள் அந்தக் கிளாஸையே பார்த்தாள்.

“சித்தப்பா, நாளைக்கு அவங்க முன்னாடி...” வார்த்தை தடுமாறியது. “எந்த நம்பர்?”

அவர் கதவருகே நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார். திறந்திருந்த கழுத்துப் பட்டனை ஒரு தடவை விரலால் தொட்டார், போட்டுக்கொள்ளவில்லை. இடைவேளை மணி அடித்தது. வாசல் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று அவர் படியிறங்கிப் போனார்.